சொற்போரும் பொருள் தேர்தலும்

சடுகுடு ஆட்டத்திற்கு ஆடுவோர் மட்டும் போதார். களமும் செம்மையுற அமைதல் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் நிலத்தை அளந்து, நடுவே கோடு கிழித்து, இருபுறமும் ஒத்திருத்தலைக் கண்ட பின்னரே இளைஞர் களத்தில் இறங்குவர். நடுக்கோடு ஒருபுறம் ஒதுங்கிக் கிடக்குமாயின், அதனாற் பெற்ற வெற்றியை வெற்றியென ஊரார் ஒப்புவரோ? ஒருகாலும் ஒப்பார். சொற்போரும் அத்தகையதே. அங்கே நடுக்கோடாக அமைவது, அவையின்முன் வைக்கப்படும் தலைப்பேயாகும்.

நாவன்மையும் குரல்வளமும் வாய்ந்த மாணாக்கர் தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பலர் உளர். அவர்களுக்குப் பேசக் கற்பிக்கும் ஆசிரியரும் உளர். ஆயின், எப்பொருள் பற்றிப் பேசுவது, அப்பொருளின் எல்லை யாது என்பனவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. விழா நெருங்கும்பொழுது ஏதேனும் ஒரு தலைப்பை எழுதி ஒட்டிவிடுதல் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாற்றத்தக்கது. தலைப்பைத் தேர்தலும், தேர்ந்த தலைப்பைத் தெளிதலும் பேச்சுக்கு முற்பட்ட சிறு வேலைகள் அல்ல. அவை அறிவின்பாலும் அறத்தின்பாலும் பட்ட செயல்கள்.

சொற்போர் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் அசைந்த கொடிகளை எண்ணிக் கூறுமிடத்து, வாதம் செய்யக் கருதிய ஆசிரியர் உயர்த்திய கொடிகளையும் சேர்த்துக் கூறுகின்றது. அந்நகரத்துப் பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரம் சுட்டுகின்றது. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்போன், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுதல் வேண்டும் என்கின்றான். பகைகொண்டாரோடும் பூசலிடாது விலகுக என்றும் அறிவுறுத்துகின்றான். வாதம் வேறு, பூசல் வேறு என்னும் தெளிவு அக்காலத்தே இருந்தது. பௌத்த நூலாகிய குண்டலகேசியும், அதனை மறுத்தெழுந்த சமண நூலாகிய நீலகேசியும் சமய வாதத்தையே உயிராகக் கொண்டவை.

இலக்கண நூலாரும் இதனைக் கருதியுள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதங்களை வகுத்துரைக்கின்றார். அவற்றுள் ஒன்று, இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு என்பது. இருவர் தம்முள் மாறுபட்டுக் கொண்ட கொள்கைகளுள் ஒன்றனைத் துணிதல் என்பது அதன் பொருள். இதனை உற்றுநோக்குவார்க்கு ஒன்று புலப்படும். துணிவு பின்னது, மாறுகோள் முன்னது. அறிவுடையார் இருவர் நேர்மையாக மாறுபட்டு நிற்றற்கு இடமில்லாத பொருளில் துணியத்தக்கது யாதும் இல்லை. ஆகவே, தலைப்புக்கு முதல் இலக்கணம் இருபுறமும் நிற்றற்கு இடமுண்மையே.

இவ்விலக்கணம் கொண்டு நோக்கினால், வழங்கிவரும் தலைப்புகளிற் பல நில்லாமல் வீழ்கின்றன. ‘உழைப்பு உயர்வு தரும்’ என்பது ஒரு தலைப்பு. இதனை வெட்டிப் பேச வந்த மாணவன் என் செய்வான்? சோம்பலைப் புகழ்வான், அல்லது தலைப்பை விட்டு வேறெங்கோ திரிவான். ‘மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டதா?’ என்பதும் தலைப்பாகாது. ஏட்டைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். அளவுகோலால் அளக்கத்தக்கதை அளந்தே அறிதல் வேண்டும். அதற்கு அவை கூட்டுதல் வீண். இனி, ‘இல்லத்தின் இன்பத்திற்குக் காரணம் கணவனா, மனைவியா?’ என்பது போல்வன சில. இவற்றால் நகைச்சுவை விளையும், கைத்தட்டல் எழும். கேட்டோர் வீடு திரும்பும்பொழுது புதிதாக ஓர் எண்ணத்தைக் கொண்டு செல்வரோ என்பது ஐயமே. விழாப் பந்தலில் ஊரார் மகிழ்தற்கு அவை ஏற்றனவாகலாம். மாணாக்கரின் சிந்தனையைத் தீட்டுதற்கு ஏற்றன அல்ல.

ஒரு தலைப்பு நடுநிலையுடையதா என அறிதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பைத் தேர்வோர் இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வாராக. ஒன்றில், ஒட்டிப் பேசுவோர் கூறத்தக்க வலிய காரணங்கள் மூன்றை எழுதுவாராக. மற்றொன்றில், வெட்டிப் பேசுவோர் கூறத்தக்க மூன்றை எழுதுவாராக. ஒரு தாள் எளிதில் நிரம்பி மற்றொரு தாள் வெறிதே கிடக்குமாயின், அத்தலைப்பை அப்பொழுதே விலக்குதல் வேண்டும். இக்காலத்துப் பெரும் போட்டிகளில், ஒரே தலைப்புப் பல அறைகளில் ஒரே வேளையில் பேசப்படும். போட்டி முடிந்தபின், எத்தனை அறைகளில் எப்பக்கம் வென்றது என எண்ணிப் பார்ப்பதும் உண்டு. எல்லா அறைகளிலும் ஒரு பக்கமே வென்றிருப்பின், தோற்றோர் அனைவரும் திறமையற்றவர் என்று கொள்ளுதல் பொருந்துமோ? கோடு பிழைபடக் கிழிக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

இரண்டாவது இலக்கணம், எல்லா மாணாக்கர்க்கும் எட்டுதல். பெருநகரத்துப் பள்ளியில், பல ஏடுகளையும் கருவிகளையும் நாள்தோறும் கையாளும் மாணவி ஒருத்தி. சிற்றூர்ப் பள்ளியில், பாடநூலும் கிளை நூலகமுமே துணையாகப் பயிலும் மாணவன் ஒருவன். இருவரும் ஒரு மேடையில் எதிர்ப்படுகின்றனர். தலைப்போ, பங்குச் சந்தையின் நுணுக்கம் ஒன்றைப் பற்றியது. சிற்றூர் மாணவன் தோற்கின்றான். அவன் தோற்றது அறிவின்மையால் அன்று. அச்சொல்லை அதற்குமுன் கேட்டறியாமையால். இத்தகைய தோல்வி அவன் உள்ளத்தில், ‘மேடை எனக்குரியதன்று’ என்னும் எண்ணத்தை ஊன்றிவிடும். அவ்வெண்ணத்தைப் பின்னர்ப் பெயர்த்தெடுத்தல் எளிதன்று. புதிய செய்தி பற்றிய தலைப்பே வேண்டும் எனின், அதனை விளக்கும் சிறு குறிப்பொன்றை இருசாரார்க்கும் ஒரு சேர அளித்தல் முறையாகும்.

மூன்றாவது இலக்கணம் அறம் பற்றியது. இதுவே அனைத்தினும் தலையாயது. ஒருவர் பிறப்பையோ, உடலையோ, சமயத்தையோ இழித்தற்கு இடந்தரும் தலைப்பைச் சொற்போர்க்கு வைத்தல் ஆகாது. அவையில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவன், தன் குடியினர் பிறரோடு ஒப்பாரா ஒவ்வாரா என இருவர் எடைபோடுவதைக் கேட்டுக்கொண்டிருத்தல் எத்துணைக் கொடுமை! ஒட்டிப் பேசியவர் வெல்லினும் தோற்பினும், அவன் நெஞ்சில் விளைந்த புண் ஒன்றே. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, தன் 17-ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. நீதி வழங்கி முடித்த இவ்வழக்கை, பரிசுக்கோப்பையின் பொருட்டு மீண்டும் திறத்தல் தகாது. ஆயின், அந்நீதியை நாட்டில் முற்றும் நிலைநாட்டுதற்கு எவ்வழி சிறந்தது என்பது சொற்போர்க்கு மிக ஏற்ற பொருளாம். அடைய வேண்டியது யாது என்பதில் ஒன்றுபட்டோரும், அடையும் வழி யாது என்பதில் மாறுபடக்கூடும். அங்கேதான் உண்மையான மாறுகோள் பிறக்கின்றது.

தேர்தல் ஆசிரியர் கடமையெனின், தெளிதல் மாணாக்கர் கடமையாகும். தலைப்பின் சொல் ஒவ்வொன்றையும் பிரித்து நோக்காதவர், பேசத் தொடங்குமுன்னரே பாதி தோற்றவராவர். ‘பள்ளிகளில் மாணவர் கைப்பேசி பயன்படுத்துதலைத் தடைசெய்தல் வேண்டும்’ என்னும் தலைப்பைக் காண்க. பலர் இதனைக் கண்டவுடன் கைப்பேசியால் விளையும் நன்மை தீமைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பர். அது கட்டுரையாகும், சொற்போர் ஆகாது. பயன்படுத்துதல் வேறு, கொண்டுவருதல் வேறு. தொலைவூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவி, பெற்றோரோடு பேசுதற்காகக் கைப்பேசியைப் பையில் வைத்திருப்பின், அவள்மீது இத்தலைப்புப் பாயாது. தடைசெய்தல் வேறு, வரையறுத்தல் வேறு. நாளில் ஒரு வேளை மட்டும் அதனைத் திறக்கலாம் என்பவர், தாம் ஒட்டிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு வெட்டிப் பேசியவராவர். இனி, தடை செய்வோர் யார்? தலைமையாசிரியரா, அரசா? தலைப்பு அதனைக் கூறவில்லை. பேசுவோர் கூறுதல் வேண்டும்.

மேலும் ஒன்று. வெட்டிப் பேசுவோர், கைப்பேசி மிக நல்லது என நிறுவ வேண்டுவதில்லை. தீமை உண்டு என்று ஒப்புக்கொண்டே, அத்தீமைக்குத் தடை தக்க மருந்தன்று என நிறுவினாற் போதும். எதனை நிறுவுதல் தம் கடன், எதனை நிறுவுதல் தம் கடனன்று என்னும் அறிவே சொற்போரின் அடிப்படை. தாங்க வேண்டாத சுமையையும் தாமே தலைமேல் ஏற்றிக்கொண்டு தடுமாறுவோர் பலர்.

தலைப்பின் ஒரு சொல் எத்துணை ஆற்றல் உடையது என்பதற்கு மேலைநாட்டு மாணவர் அவைகள் சான்று தருகின்றன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் சொற்போர்க் கழகம் 1815-ஆம் ஆண்டிலும், ஆக்ஸ்போர்டு கழகம் 1823-ஆம் ஆண்டிலும் தோன்றின. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு கழகத்தில், அரசர்க்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் இவ்வவை போரிடாது என்னும் தலைப்பு வைக்கப்பட்டது. ஒட்டி 275 பேரும், வெட்டி 153 பேரும் வாக்களித்தனர். இட்லர் செர்மனியின் ஆட்சித் தலைமையை ஏற்றுப் பத்து நாட்களே ஆகியிருந்தன. நாடெங்கும் பெரும் கூச்சல் எழுந்தது. இளைஞர் தாய்நாட்டைக் கைவிட்டனர் எனப் பலர் சினந்தனர். தலைப்பையே கழகத்தின் குறிப்பேட்டிலிருந்து நீக்க முயன்றோரும் உளர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை.

மாணவர் கூறியதுதான் யாது? அரசர்க்காகவும் நாட்டுக்காகவும் என்னும் தொடர், 1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப்போரின்போது, படைக்கு ஆள் சேர்த்த விளம்பரங்களில் இடம்பெற்ற தொடர். அதனை நம்பிச் சென்று மாண்டோர் எண்ணிறந்தோர். ஆகவே, அத்தொடர் சிலர்க்கு நாட்டன்பாக ஒலித்தது. சிலர்க்கு வஞ்சனையாக ஒலித்தது. ‘எந்நிலையிலும்’ என்னும் சொல்லோ, பகைவர் வாயிலில் வந்து நிற்கும் நிலையையும் உட்கொண்டது. அதனை எல்லோரும் எண்ணி வாக்களித்தனர் என்று கூறுதற்கில்லை. 1939-ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபொழுது ஆக்ஸ்போர்டு மாணவர் பலர் படையிற் சேர்ந்தனர் என்பது வரலாறு. ஒரு சொல் குறைந்திருப்பின், அன்றைய வாதமும் வாக்கும் வேறாயிருக்கக்கூடும்.

கேம்பிரிட்ஜில் 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் நிகழ்ந்த சொற்போர் மற்றொரு சான்று. அமெரிக்கக் கனவு என்பது அந்நாட்டுக் கறுப்பின மக்களின் இழப்பில் கட்டப்பட்டது என்பது அன்றைய தலைப்பு. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவின் ஒட்டிப் பேசினார். வில்லியம் பக்லி வெட்டிப் பேசினார். பால்டுவின், இவ்வினாவுக்கு ஒருவர் தரும் விடை அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்னும் கருத்தை முதற்கண் வைத்தார். பின்னர், இழப்பு என்னும் சொல்லைக் கையில் எடுத்தார். பருத்தியைப் பறித்த கைகள் யாருடையவை, இருப்புப்பாதை அமைத்தோர் யார், அவர் பெற்ற கூலி யாது என அடுக்கி, அச்சொல்லுக்கு உடலும் உயிரும் கொடுத்தார். 544 பேர் அவர் பக்கமும், 164 பேர் எதிர்ப்பக்கமும் வாக்களித்தனர். தலைப்பின் சொல்லை விளக்குதலே வாதத்தின் பெரும்பகுதி என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

அண்மையில், 2015-ஆம் ஆண்டில், தன் பழைய குடியேற்ற நாடுகளுக்குப் பிரிட்டன் ஈடு செய்யக் கடமைப்பட்டுள்ளது என்னும் பொருள் பற்றி ஆக்ஸ்போர்டில் சொற்போர் நிகழ்ந்தது. இந்தியராகிய சசி தரூர் ஒட்டிப் பேசினார். இருநூறு ஆண்டு இழப்புக்கு எத்தனை கோடி என்று கணக்கிடுவது யார்க்கும் அரிது. அச்சுழலில் அவர் சிக்கவில்லை. கடமைப்பட்டுள்ளது என்பதே தலைப்பு. எவ்வளவு என்பது தலைப்பன்று எனத் தெளிந்தார். ஆண்டுக்கு ஒரு பவுன் வீதம் இருநூறு ஆண்டு தரினும் அமையும். கடனை ஒப்புக்கொள்ளுதலே வேண்டுவது என்றார். 185 வாக்குகளுக்கு 56 என்னும் அளவில் அவர் சார்ந்த பக்கம் வென்றது. அவர் பேச்சின் அழகைப் புகழ்வோர் பலர். தலைப்பை அவர் அளந்து கொண்ட திறமே அவ்வழகுக்கு அடிநிலம் ஆயிற்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘இக்காலப் போட்டிகளில் மாணவர் தாம் நம்பும் பக்கத்தைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. 1981-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் தொடங்கி, ஒருமுறை சென்னையிலும் நிகழ்ந்த உலகப் பல்கலைக்கழகச் சொற்போர்ப் போட்டியில், தலைப்பைப் பேச்சுக்குப் பதினைந்து மணித்துளிக்கு முன்னரே அறிவிக்கின்றனர். பக்கத்தையும் போட்டி நடத்துவோரே வகுத்தளிக்கின்றனர். நம்பாத ஒன்றை நம்பியவர்போல் பேசுதல் பொய்ம்மைப் பயிற்சி அன்றோ?’ என வினவுவோர் உளர். இவ்வினா மதிக்கத்தக்கதே. முற்காலத்து வாதியர் தாம் கொண்ட கொள்கைக்காகவே கொடியுயர்த்தினர் என்பதும் உண்மையே.

ஆயினும், நன்னூலார் கூறிய எழுவகை மதங்களுள், பிறர்தம் மதமேற்கொண்டு களைவு என்பதும் ஒன்று. பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பின்னர் அதனைக் களைதல் என்பது அதன் கருத்து. சைவ நூலாகிய சிவஞான சித்தியாரும் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியாக அமைந்துள்ளது. பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பகுதி முன்னதாகவும், தம் கொள்கையை நிறுவும் பகுதி பின்னதாகவும் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. மாற்றார் கொள்கையை அவர் நின்ற இடத்தில் நின்று பாராதவர், அதனை மறுத்தற்கு உரியவர் ஆகார். பக்கம் மாறிப் பேசும் பயிற்சி இத்தகுதியை அளிக்கின்றது. ஆயின், இதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கம் பிறர் தந்ததாகலாம். சான்று பிறழ்தல் ஆகாது. இல்லாத எண்ணைக் கூறுதலும், பெரியோர் கூறாததைக் கூறினார் என்றலும், மாற்றார் சொல்லைத் திரித்தலும் எப்பக்கத்தார்க்கும் குற்றமே. மேலே கூறியவாறு, நேர்மையாளர் இருபுறமும் நிற்கத்தக்க தலைப்பைத் தேர்ந்துவிடின், பொய் கூறவேண்டிய தேவையும் எழாது. தலைப்புப் பிழைபட்டவிடத்தே பேசுவோர் பொய்யை நாடுகின்றனர்.

தலைப்புக் கைக்கு வந்தவுடன் மாணாக்கர் வினவிக்கொள்ளத்தக்கன சில உள. தலைப்பின் உயிர்ச்சொல் எது? இதனைச் செய்வோர் யார்? இப்பொழுது உள்ள நிலை யாது. செய்தபின் மாறுவது யாது? அம்மாற்றத்தால் நலம் பெறுவோர் யார், இடர்ப்படுவோர் யார்? மாற்றார் கூறத்தக்க மிக வலிய காரணம் எது? இறுதி வினாவை விடுப்போர் பலர். மாற்றாரின் மெலிந்த காரணத்தை வீழ்த்துதல் வைக்கோற் பாவையை வீழ்த்துதலை ஒக்கும். வலிய காரணத்தை எதிர்கொண்டு நின்றாரே அவையோரின் உள்ளத்தில் நிற்பர். திருவள்ளுவர் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்துள்ளார். சொல்லும் திறம் ஒன்றே போதுமாயின், அவையை அறிதலுக்கென வேறோர் அதிகாரம் வேண்டியதில்லை.

இப்பயிற்சியின் பயன் கோப்பையோடு முடிவதன்று. வாக்களிக்கும் அகவையை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த அரசமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று உயர்நிலை வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனும் மாணவியும் சில ஆண்டுகளில் வாக்குச்சாவடி வாயிலில் நிற்பர். அப்பொழுது அவர்கள்முன் வைக்கப்படும் வினாக்களை அவர்கள் தேர்ந்திரார், பிறர் தேர்ந்திருப்பர். சுவரொட்டியும் மேடை முழக்கமும் செய்தித்தாளும் தத்தமக்கு ஏற்றவாறு கோட்டைக் கிழித்து, ‘நீ எப்பக்கம்?’ என வினவும். வினாவையே ஆராயப் பழகாதவர், இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வர். பழகியவரோ, கோடு நடுவே கிடக்கின்றதா என முதலிற் பார்ப்பர். வேண்டுமிடத்து, ‘இவ்வினா பிழையுடையது’ எனக் கூறும் துணிவும் பெறுவர். குடியரசுக்கு வேண்டுவது அத்தகைய துணிவேயன்றோ?

ஆதலின், தலைப்பைத் தேரும் ஆசிரியர், இருபுறமும் ஒத்த நிலமா, எல்லோர்க்கும் எட்டும் பொருளா, எவர் நெஞ்சையும் புண்படுத்தாததா என நோக்கித் தேர்வாராக. பேசப் புகும் மாணாக்கர், ஏட்டைப் புரட்டுதற்கு முன்னர்த் தலைப்பின் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிப் பொருள் காண்பாராக. அடுத்த சொற்போரில் அவர் பெறுவது வெற்றியாயினும் தோல்வியாயினும், அது செம்மையாக அளந்த களத்தில் பெற்றதாகும்.